எடைமேடையில் ஏறாதவை

பாடாங் செராய் தாண்டி, எண்ணெய் ஆலை வாசலில்
லாரிகளுக்கு எடை பார்ப்பவள் நான்.
செம்பனைக் குலையோடு வரும்போது ஓர் எண்,
வெறும் வண்டியாய்த் திரும்பும்போது ஓர் எண்.
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
பதினேழு வருஷமாய் இந்தக் கழித்தல்தான் சோறு போடுகிறது.

அதனால், மிஸ்ஸி இவர் கைப்பட்டையை அவிழ்த்து
மேலே நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்று நாலு என்றதும்
பழக்கதோஷத்தில் கழித்துவிட்டேன்.
எழுபத்து நாலு.
அது எதன் எடை என்று கேட்க வாய் வரவில்லை.

மருந்துச் சன்னலில் பெயர் வந்தது:
தணிகாசலம் ஏ/எல் இராமு.
ஃபரீடா பைகளில் பேனாவால் சூரியன் வரைந்தாள்,
அம்லோடிபின், பெரிண்டோபிரில்.
சாப்பிட்ட பிறகு ஆஸ்பிரின்.
நிலாவுக்குச் சிம்வாஸ்டாட்டின்.
பெரிண்டோபிரில் நாலு மில்லிகிராமாம்.
என் மேடை இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் ஒரு பொருளாக மதிப்பதில்லை.

மூன்றாம் வாரம் கணுக்காலில் காலுறை அச்சு
மாலை வரை அழியவில்லை.
பிறகு இருமல்.
சளி இல்லை, காய்ச்சல் இல்லை,
பூட்டிய வீட்டின் கதவை யாரோ தட்டுவதுபோல்
வெறும் இருமல்.
சுமத்ராப் புகை என்றார்கள், கொசுவத்தி என்றார்கள்,
இஞ்சியும் கற்பூரவல்லியும் தோற்றுப்போயின.

கோயில் கணக்குக் கூட்டத்தில்
பொருளாளர் இருமினார்.
பதில்போல் இவர் இருமினார்.
பின்வரிசையில் மின்விசிறி ரிப்பேர் சாம்பசிவமும் இருமினார்.
மூவர் பையிலும் அதே பெயர், அதே சன்னல்.
வரவு செலவு அன்று வாசிக்கப்படவே இல்லை,
சிரித்துச் சிரித்து
மறுபடி இருமல்.

சிரிக்காதவன் ஆலை சூப்பர்வைசர்.
"காசநோயாய் இருந்தால் ட்ரிப் கிடையாது."

அன்றிரவு மாத்திரைகளை எண்ணினேன்.
வாங்கியது முப்பது, நாள் போனது பதினெட்டு,
இருக்க வேண்டியது பன்னிரண்டு.
இருந்தது இருபத்தொன்று.
ஒன்பது காலைகளை இவர் எங்கே இறக்கிவிட்டார்
என்று கேட்டேன்.
"லாரி ஓட்டுற அன்னைக்கு மட்டும்தான் விட்டேன்"
என்றார், அது ஏதோ விடுமுறை போல.
நான் கத்தினேன்.
பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது.

காலையில் இவர் வண்டி என் மேடையில் ஏறியது.
இருபத்தாறாயிரத்து நானூறு.
இறக்கிவிட்டு வந்தது, பத்தாயிரத்து அறுநூறு.
இரண்டு தடவையும் இவர் இருக்கையில்தான் இருந்தார்,
கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தபடி.
அப்போதுதான் உறைத்தது:
இரண்டு எண்ணிலும் இருக்கிறவர்
கழித்ததும் காணாமல் போகிறார்.
பதினேழு வருஷமாய்
தினம் நாலு முறை
இவரை நானே கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

லீவு போட்டு கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.
டாக்டர் பெரிண்டோபிரிலை அடித்தார்,
லோசார்டான் எழுதினார்.
"இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாமே"
என்று மட்டும் கேட்டார்.
இவர் தரையைப் பார்த்தார்,
பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல.

இருமல் உடனே போகவில்லை.
தேய்ந்து, தேய்ந்து,
மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி
சுத்தமாய் இல்லை.
தூக்கம் கலைந்துவிட்டது எனக்கு.
இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.
இருட்டில் தடவி
மூக்குக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன்.
வெதுவெதுவென்று ஏதோ ஒன்று
ஏறியது, இறங்கியது.

"என்னது?"
"கொசு," என்றேன்.
கையை எடுக்கவில்லை.