பதினேழாம் எண்

மே மாதக் கடைசி வியாழன்.
இந்த வருடத்துப் புயல்கள் இன்னும்
பெயர்ப்பட்டியலில் தூங்குகின்றன.
லூசியானாவின் தென்கோடியில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில்
பேஸ்கெட்பால் வளையத்துக்குக் கீழே
நாங்கள் வெள்ளத்தை நடித்துக்கொண்டிருக்கிறோம்.

அரசு மருந்து உதவித் திட்டம்,
அவசரகாலக் கையேடு, அறுபத்திரண்டு பக்கம்.
எழுதியவள் நான்.
முப்பது நாள் மருந்துக்கு மேல் தரக்கூடாதென்ற விதியை
எப்போது தளர்த்துவது?
காற்று கரை தொட எழுபத்திரண்டு மணி நேரம் முன்பு
என்று போட்டிருந்தேன்.
டெல்மா வெர்டின் சிரித்தாள்.
"அந்த நேரத்துல எங்க ஆளுங்க
எறா படகைக் கட்டுவாங்களா,
மருந்துக்கடை வாசல்ல நிப்பாங்களா?"
தொண்ணூற்றாறு என்று திருத்தினேன், பென்சிலால்.

பட்டியலில்தான் இரண்டு மாதம் முட்டி நின்றேன்.
எங்கள் வட்டாரத்தில் நூற்றுப் பதினான்கு பேர்.
கணினி செத்துப்போனால் காகிதம் வேண்டும்.
காகிதம் மிதந்து போய்
யார் வீட்டு வேலியிலோ ஒட்டிக்கொண்டால்?
தண்ணீரை நம்ப முடியாது.
வீட்டுப் பத்திரத்தை அழிக்கும்,
இதை விட்டுவைக்கும்.
அதனால் பெயர்களை எண்களாக்கினோம்.
எது யார் என்பது
இரண்டு ஊர்களில் இரண்டு இரும்புப் பெட்டிகளில்.

ஒத்திகைக்கு ஐஸ் வாளியில் சீட்டுகள்.
எனக்கு வந்தது பதினேழு.
"வயது நாற்பத்தெட்டு. வீட்டில் இடுப்பளவு நீர்.
மாத்திரை டப்பா போய் மூன்று நாள்.
மேசைக்குச் சென்று மருந்து கேட்கவும்."
என் கையெழுத்துதான். நானே எடுப்பேனென்று நினைக்கவில்லை.

எனக்கு முன்னால் தீயணைப்புப் படைத் தலைவர்,
சட்டைக்குள் தலையணை, நிறைமாதக் கர்ப்பம்.
கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.
பின்னால் மருந்தாளுநர் குயென்
"சர்க்கரை! எனக்குச் சர்க்கரை!" என்று
ஊருக்கே கேட்கச் சொல்கிறாள்.
சர்க்கரையை அப்படிச் சொல்லலாம்.

மேசையில் யூவெல் பீத்ரே,
தேவாலயத்திலிருந்து வந்த நல்ல மனிதர்.
ஒரு காதில் கருவி.
"என்ன மருந்தும்மா?"
சொன்னேன்.
"எதுக்கு அது?"
முணுமுணுத்தேன்.
"கொஞ்சம் சத்தமா."

ஜிம் என்பது
ஒரு சத்தத்தை மூன்றாக்கித் தரக் கட்டிய இடம்.

எச்.ஐ.வி. மூன்றே எழுத்து.
இந்தக் கையேட்டில் மட்டும்
இருநூறு தடவை தட்டச்சு செய்திருக்கிறேன்.
ஆனால் நாக்கு நுனிக்கு முதலில் வந்தது
அது அல்ல.
"எனக்கில்லைங்க, இது சும்மா நடிப்பு"
என்ற வாக்கியம்.
பதினான்கு வருடம் இந்த வேலை பார்த்த பிறகு
அந்த வாக்கியம்.

அதையும் விழுங்கிவிட்டு
"ஒண்ணுமில்ல, பரவால்ல" என்றேன்.
வரிசையை விட்டு விலகி
மடித்து வைத்த நாற்காலிகளின் பக்கம் போய் நின்றேன்.
ஸ்டாப்வாட்ச்சோடு நின்ற பையன் குறித்துக்கொண்டான்:
எண் பதினேழு, நாற்பது விநாடி,
தேவை ஏதுமில்லை, வெற்றி.

இரவு யூவெலுக்குப் போன் செய்தேன்.
"நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா?"
"இல்லை. படிவத்துல இருந்ததைத்தான் கேட்டீங்க."
மூன்றாவது கேள்வி. எந்த நோய்க்காக.
அதையும் எழுதியவள் நான்.
காசு கொடுக்கும் அலுவலகத்துக்கு எப்போதோ தேவைப்பட்டது.
இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு
அதனால் ஒரு மாத்திரையும் கூடுதலாக வராது.

அடித்துவிட்டேன்.
எண் போதும், பெட்டி திறந்தால் போதும்,
காரணம் கேட்க வேண்டாம் என்று
நாற்பதாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.
"மூணாவது கட்டம் காலியா இருக்கே.
வேற ஏதாவது கேக்கணும் இல்லையா?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்கட்டும்" என்றேன்.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
அந்த மாத்திரையை
வெறும் வயிற்றில் போடக் கூடாது.