அறுநூறு வினாடி

இந்த அறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான்.
எலிக்குச் சிவப்பு தெரியாது,
அதற்கு இது நள்ளிரவு.
எனக்கு, பிர்னோ நகரத்தில், புதன்கிழமை காலை பத்தேகால்.

பதினேழாம் கூண்டு.
பன்னிரண்டு குட்டிகளையும் கூட்டிலிருந்து எடுத்து
எதிர்மூலையில், மரத்தூள்மேல் பரப்புகிறேன்.
கண் திறக்காத, கட்டைவிரல் நீள இளஞ்சிவப்பு.
ஸ்டாப்வாட்சை அழுத்துகிறேன்.
அவை கூப்பிடுவது என் காதுக்கு எட்டாது.
கருவி கேட்டு
திரையில் கோடு கோடாகக் காட்டுகிறது.

உப்புநீர் ஊசி போட்ட தாய்கள்
இதற்கு யோசிப்பதே இல்லை.
பிடரியைக் கவ்வுவாள், ஓடுவாள், கிடத்துவாள், திரும்புவாள்.
நேற்று ஒன்பதாம் கூண்டுக்காரிக்கு
நூற்று நாற்பது வினாடி, மொத்தமாக.

இவளுக்குப் போட்டது பெர்விடின்.
இவளும் சும்மா இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
எழுந்து நின்று காற்றை மோக்கிறாள்.
ஒரே காதை இருபது முறை துடைக்கிறாள்.
ஒரு குட்டியைக் கவ்வி, பாதிவழியில் வைத்துவிட்டு
மரத்தூளை வாய் நிறைய அள்ளிப்போய்க்
கூட்டில் சேர்க்கிறாள்.
படு மும்முரம்.
கூடு உயர்கிறது. உள்ளே ஒருவருமில்லை.

என் தங்கை போஹ்தானா
ஒரு மார்ச் மாத இரவு முழுக்கச்
சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றித் தேய்த்தாள்.
திருகாணிகளை அளவு பார்த்து வரிசையாக அடுக்கினாள்.
மறுநாளும் தேய்த்தாள்.
மழலையர் பள்ளியில் விளக்குகளை அணைத்துவிட்டு
கோட்டும் மாட்டிக்கொண்டு
திருமதி ஹவ்ரான்கோவா எனக்கு ஃபோன் செய்தபோது
மணி ஆறு பத்து.
விலேம் ஷூ போட்டபடி பெஞ்சில் இருந்தான்.
அழவில்லை.
அல்லது என் காதுக்கு எட்டவில்லை.

ஒரே வீடு, ஒரே பால், ஒரே காய்ச்சல்கூட.
ஒருத்திக்கு அது
ஒருத்திக்கு உப்புநீர்.
எந்தக் கை சீட்டுக் குலுக்கியது என்று
ஆய்வகக் குறிப்பேட்டிலாவது எழுதி வைப்போம்.

பிறந்த மறுநாளே குட்டிகளை
மடி மாற்றி வைப்பதும் எங்கள் முறைதான்.
உப்புநீர்த் தாய் ஒருமுறை மோந்து பார்ப்பாள்,
யார் பெற்றது என்று கேட்கமாட்டாள்.
நான் கேட்டிருக்கிறேன்.
பல முறை. விலேமின் காதுபட.

அறுநூறு.
நேரம் முடிந்தது. கட்டத்தில் அறுநூறு என்று எழுதினால்
தூக்கி வரவில்லை என்று பொருள்.
கையுறை மாட்டி, மூடியைத் திறக்கப் போகிறேன்,
அவள் வருகிறாள்.
பாதிவழியில் விட்டாளே, அந்த ஒன்றை
கால் தரையில் இழுபட இழுபடத்
தூக்கிப் போகிறாள்.

அறுநூற்று முப்பத்தேழு.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
டாக்டர் யெலினெக் அழித்துவிடுவார்,
அவர் அழிப்பதுதான் முறை.

அன்றைக்குப் போஹ்தானாவும் வந்தாள்.
ஒன்பதேகாலுக்கு.
கையில் விலேமின் ஒற்றைக் கம்பளிக் கையுறை.
அழைப்புமணியை ஏழு முறை அடித்தாள்.
ஏழு என்று எனக்குத் தெரியும்.
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.