அளவுக்கு ஒரு ஆள்

ஜெர்மன்காரர் அனுப்பிய காலண்டர்
பில் புத்தகங்களுக்கு மேலே தொங்குகிறது.
பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு ஓவியம்.
இருநூறு வருடம் முன்னால் கப்பலேறிப் போய்
தென் அமெரிக்காவை வரைந்தவர்களாம்.
பெயர்கள் பொடி எழுத்தில். வாயில் நுழையவில்லை.

ஜனவரியில் புகைகிற எரிமலை.
மார்ச்சில் மறுகரை தெரியாத ஆறு.
ஜூன் முழுக்க ஒரே பச்சை.
ஜெகதேவி வெயிலிலிருந்து உள்ளே வருகிறவர்கள்
அதற்கு முன்னால் நின்றுதான் தண்ணீர் குடித்தார்கள்.

எல்லாப் படத்திலும் கீழ் மூலையில்
ஒருத்தன் நிற்கிறான்.
சில மாதம் ஒருத்தி.
சுண்டுவிரல் நகமளவு.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
பழுப்பு நிறத்தில் தூரிகையின் ஒரே தொடல்.
எரிமலை எவ்வளவு பெரிசு என்று
பாரிஸில் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமே!

எனக்குப் பழகிய வேலைதான்.
கல் பிளந்து இறங்கியதும்
நிறம் எடுக்கத் தண்ணீர் அடித்து
சிவப்புப் பெயின்ட்டில் எண் எழுதி
ஏழு வருடமாகக் கூப்பிடுகிறேன்:
"திம்மராயண்ணா, வந்து நில்லுங்க."

கல்லுக்குப் பெயர் பாரடைசோ.
இத்தாலிய வார்த்தை. சொர்க்கம் என்று அர்த்தமாம்.
சொர்க்கத்தின் இடது ஓரத்தில்
வார் அறுந்த செருப்போடு திம்மராயண்ணன்,
கையில் அளவுகோல்.
நானூறு கல்லாவது இருக்கும்.
ஒரு படத்திலும் அவர் கண் எனக்கு ஞாபகமில்லை.

செப்டம்பரில் கூடை இடுப்பில் ஒரு பெண்.
காலடியில் கொடியாய்ப் படர்ந்து
கோலிக்குண்டு அளவில் சிவப்புக் காய்கள்.
"அட, தக்காளி" என்றான் லோடு ஏற்றும் எல்லப்பன்.
"ராயக்கோட்டை மண்டிக்கு வந்தா வரைஞ்சான்?"
தக்காளி அங்கிருந்துதான் இங்கே வந்தது என்றேன்.
நம்பவில்லை.
போன கோடையில் ஐம்பது கூடை
ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தவன்.
"வந்த வழியே போயிருக்கலாமில்ல" என்றான்
படத்துக்காரியிடம்.

அக்டோபர், அருவி.
தூக்குச்சட்டி கழுவிய கையோடு
திம்மராயண்ணன் வந்து நின்றார்.
அருவியைப் பார்க்கவில்லை.
"இவன் எத்தினி நேரம் நின்னிருப்பான்?"

யாரு?

"இவன்தான். போட்டோன்னா ஒரு நொடி.
வரையறதுன்னா பொழுதுபூரா நிக்கணுமே.
கூலி குடுத்தாங்களா?"

நிற்காமலும் இருந்திருக்கலாம் என்றேன்.
ஊர் திரும்பி, குளிருக்குக் கணப்பு மூட்டிய அறையில்,
ஓரம் வெறுமையாக இருக்கிறதே என்று
அந்தப் பெயின்டர் பிற்பாடு வைத்திருக்கலாம்.
எந்த ஊர் அருவியோ, எந்த ஊர் ஆளோ.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ஓ. நிக்காதவனையும் நிக்க வெச்சுக்கலாம்"
என்று சொல்லிவிட்டு
சட்டியின் மூடியைத் தேடிப் போனார்.

மறுநாள் 214.
இருபத்துமூன்று டன், விரிசல் இல்லை.
மேனேஜர் கைபேசியில் வாங்குபவரோடு இருந்தார்.
நான் செல்போனைத் தூக்கினேன்.
திரையில் ஏதோ பிசகு.
கல் சிறுத்துவிட்டது,
வீட்டுப் பரணில் கிடக்கிற டிரங்குப் பெட்டி மாதிரி.

அண்ணன் என்னை நோக்கி
ஐந்தாறு அடி வந்திருந்தார்.
இடது புருவத்தில் சில்லு தெறித்த தழும்பு.
நரைத்த மீசையில் கல்தூள்.
கண் ஒன்று லேசாகக் கலங்கல்,
மற்றது நேராக என் மேல்.

"பின்னால போங்கண்ணா, அளவு தப்புது."

"தப்பட்டும். ஒண்ணு எடு."

எடுத்தேன்.
பிறகு அவரே பின்னால் போய்
கல்லோடு ஒட்டி
அளவுகோலை நிமிர்த்திப் பிடித்தார்.
கல் பெரிதானது.
அதைத்தான் ஜெர்மனிக்கு அனுப்பினோம்:
நீளம் 290, உயரம் 185, அகலம் 160.
நிறம், கோடு, குறை என்று கட்டங்கள்.
ஆர்டர் வந்தது.

முதல் படம் என் போனில் இருக்கிறது.
அழிக்கவுமில்லை,
அவர் கேட்கவுமில்லை.
அதில் சொர்க்கம் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரியும்.
214 என்பதில் இரண்டும் ஒன்றும் படிக்கலாம்.
நான்கு
அவர் காதுக்குப் பின்னால்.