பதம்

கிரேமாவில் நவம்பர் மூடுபனி
முதலில் ஆலையின் புகைபோக்கியைத் தின்னும்,
பிறகு சைக்கிள் நிறுத்தத்தை,
நாலு மணி வாக்கில் என் ஜன்னலை.

மேசைமேல் பழுப்பாய் ஒரு குப்பி.
மாதிரி எண் 0417. உடற்பூச்சு, இருநூறு மில்லி.
கடற்கரையில் ஒரு வாரம் படுத்துக் கிடந்த தோலை
குளிர்காலத்திலும் விற்க ஓர் ஏற்பாடு.
பூசப்போகிறவர்களை எனக்குத் தெரியாது.
அவர்களுக்கும் என்னைத் தெரியாது.
கோப்பின் கடைசிப் பக்கத்தில்
ஓர்னெல்லா பெத்தினெல்லி என்றொரு கிறுக்கல்
எங்களுக்கு நடுவே நிற்கிறது,
அவ்வளவுதான்.

மூலப்பொருள் பட்டியலில் பதினோராவது வரி:
கேரமல்.
ஒரே சொல். உள்ளே நாலு அடுப்பு.
சீனியை வெறுமனே கருக்கியது,
சல்ஃபைட் சேர்த்தது, அம்மோனியா சேர்த்தது,
இரண்டையும் கொட்டிக் காய்ச்சியது.
வெளியே வந்தால் நாலும் ஒரே பெயரில் நடமாடும்.
லேபிளுக்கு அது போதும்.
எனக்குப் போதவில்லை.

சப்ளையருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன்.
பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வரி:
"நான்காம் வகை. தாமதத்துக்கு மன்னிக்கவும்,
கோப்புகளைப் பார்ப்பவர் மகப்பேறு விடுப்பில்."

அம்மோனியா நுழைந்த பாகில்
நாலு-மெத்தில் இமிடசோல் இருக்கும்.
சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறளும் பெயர்.
எங்கோ ஓர் ஆய்வகத்தில்
இரண்டு வருடம் அதைத் தீவனத்தோடு தின்ற
சுண்டெலிகளின் நுரையீரலில் கட்டிகள்.
அட்டவணையில் அவை எண்கள்.
அந்தப் பக்கத்தை மட்டும்
எப்போதும் மெதுவாகப் படிக்கிறேன்.
அதனால் எந்த எலிக்கும் லாபமில்லை.

பிறகு கணக்கு.
ஒரு நாளைக்கு ஒருவர் பூசுவது ஏழே முக்கால் கிராம் சொச்சம்.
அதில் சாயம் ஆயிரத்தில் இரண்டு பங்கு.
சாயத்தில் அந்த வறண்ட பெயர்
உணவுக்கு அனுமதித்த உச்ச அளவே இருப்பதாக வைத்து,
தோல் ஒரு சொட்டு மிச்சமின்றிக் குடிப்பதாக வைத்து,
கெட்டது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்
நாலு மைக்ரோகிராமைத் தொடவில்லை.
கலிஃபோர்னியாக்காரர்கள் எச்சரிக்கைப் பலகை மாட்டுவது
இருபத்தொன்பதைத் தாண்டினால்.
என் மகன் எத்தோரே மதியம் காலி செய்யும் கோலாவில்
இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.
அந்தக் கோப்பு என் மேசைக்கு வருவதில்லை.

பாதுகாப்பானது. கையெழுத்திட்டேன்.

ஐந்தரைக்கு விளம்பரப் பிரிவின் திட்ஸியானோ
அட்டைப்பெட்டியின் நகலோடு வந்தான்.
பொன் எழுத்துகள், ஒரு செப்புப் பாத்திரம், ஆவி:
"சாயமே இல்லை.
மெல்லிய தீயில் உருகிய சீனி மட்டும்."

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
"நீதானே பாதுகாப்பென்று எழுதினாய்?"
"குப்பிக்கு எழுதினேன்."
"இனிப்பான வரி, ஓர்னெல்லா. யாருக்கு வலிக்கும்?"

பாகுக்குப் பதம் உண்டு.
ஒரு கணம் விட்டால் கசக்கும்,
மூக்குள்ளவர் எவரும் கண்டுபிடிப்பார்.
சொல்லும் பதம்தான்.
அது கருகும்போது மட்டும்
நறுமணம் வருகிறது.

அவனிடம் இதைச் சொல்லவில்லை.
விளம்பர விதிகளில் உண்மைத்தன்மை என்ற பிரிவைத்
திறந்து காட்டினேன். பெருமூச்சு விட்டான்.
"சாயமே இல்லை" போனது. "சீனி மட்டும்" போனது.
செப்புப் பாத்திரத்துக்காக வாதாடினான்.
வைத்துக்கொள், என்றேன்;
ஆவியை மட்டும் எடுத்துவிடு.

கிளம்பும் முன் குப்பியைத் திறந்து
மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தேன்.
செரியோ பாலத்தில் பனி இன்னும் அடர்த்தி,
கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி நடந்தேன்.

காலையில் தலையணை உறையில்
பழுப்பாய் ஒரு கீற்று.
இதில் ஆபத்து ஒன்றுமில்லை.
ஆனாலும் எழுத வேண்டும்:
மாதிரி 0417,
வெள்ளைத் துணியில் ஒட்டுகிறது.