பதினாறு கிலோஹெர்ட்ஸ்

பழைய கலர் டிவி ஒன்றின் வயிற்றிலிருந்து
பிடுங்கிய கிரிஸ்டல்.
மூவாயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்பது:
வானத்தில் இருபத்திரண்டு வருடமாய்
எனக்கிருந்த ஒரே முகவரி.
ரிசீவர் தனி; கேட்க எங்கும் போகலாம்.
பேசுவதென்றால்
முளையடித்துக் கட்டிய கன்றுபோல
இங்கேதான்.

செவ்வாய் இரவுகளில்
பதினாறு கிலோஹெர்ட்ஸ் கீழே
அண்ணன் ஓஸ்டாப்
பிராண்டன் ஊர் லோர்னோடு தட்டிக்கொண்டிருப்பான்.
பார்லி விலை. சர்க்கரை அளவு.
இடது முட்டி.
நான் ஸ்வெட்டர் பின்னியபடி
எல்லாவற்றையும் கேட்பேன்.
முட்டிக்கு அறுவை எந்தத் தேதி என்றுகூடத் தெரியும்.

அவனுடையது புது ரேடியோ.
ஒரு விரல் திருப்பினால் என்னிடம் வந்துவிடலாம்.
சதுப்பை வடித்து விற்ற அந்தக் கால்பங்கு நிலத்துக்குப் பிறகு
வாசலுக்கே வராதவன்
அலைவரிசைக்கா வருவான்.

யார்க்டனில், தேவாலயத்தின் கீழ்த்தளச் சந்தையில்
நாற்பது டாலருக்குக் கிடைத்தது
ஆஸிலேட்டர் பெட்டி.
சாம்பல் நிறம், ஒரு குமிழ் இல்லை,
முள்ளை இழுக்கும் நூலில் யாரோ போட்ட முடிச்சு.
"ஓடுமா?" என்றேன்.
"ஓடும். நிற்கத்தான் நிற்காது" என்றார் விற்றவர்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
டிரான்ஸ்மிட்டரைச் சமையல் மேசையில் கவிழ்த்தேன்.
பிளக்கை உருவினேன், கெபாசிட்டரின் மிச்ச உயிரையும் எடுத்தேன்,
இருந்தும் இடது கை ஏப்ரன் பைக்குள்.
முந்நூறு வோல்ட்டுக்கு உறவுமுறை தெரியாது.
பின்பக்கம் எட்டுக்கால் சாக்கெட்:
இரண்டு கால் ஹீட்டருக்கு,
ஒன்று முந்நூறுக்கு, ஒன்று தரைக்கு,
இன்னொன்று மோர்ஸ் சாவிக்கு,
நான் தட்டும்போது மட்டும் பெட்டி விழிக்க.
மற்ற மூன்றும் எதற்கென்று
இன்றுவரை தெரியாது.

கிரிஸ்டல் இருந்த குழியில்
ஒரு முழக் கோஆக்ஸின் முனை.
கிரிஸ்டல் பொத்தான் டப்பாவுக்குள்.

இருபது நிமிடம் சூடாகவிட்டேன்.
அதற்குள்ளேயே ஊர்ந்தது.

அவன் தட்டும் கோடுகள் நீளும் நேரம் பார்த்து
என் சுருதியை அவன் சுருதிமேல் இறக்கினேன்.
விசில், விசில், பிறகு முனகல்,
பிறகு வயிற்றுக்குள் உருளும் ஏதோ,
பிறகு ஒன்றுமில்லை.
இரண்டும் ஒரே இடத்தில் நின்றால்
நடுவே சத்தம் இருக்காது.
ஜீரோ பீட் என்பார்கள்.

லோர்ன் விடைபெற்றான்.
சாவியைத் தொட்டேன்.
என் அழைப்புக்குறியை ஒரே ஒரு தரம்.

முப்பது நொடி.
அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்தது.

ஐந்து, ஏழு, ஒன்பது. கடைசியில் ஒரு சி.
சி என்றால் கீச்சு.
"குருவி மாதிரிக் கீச்சிடுகிறாய். வோல்டேஜ் தொய்கிறது.
ரெகுலேட்டர் குழாய் போடு."
பதினொரு வருடத்தில் அண்ணனின் முதல் பேச்சு.

சரி என்றேன். முட்டி எப்படி என்றேன்.
அவன் கொஞ்சம் தயங்கினான்
(முட்டியைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லையே),
பிறகு சொன்னான், நீளமாக.

பெட்டி சூடேறச் சூடேற நான் கீழே நழுவினேன்.
அவன் ரேடியோவில் கேட்கவும் பேசவும் ஒரே குமிழ்:
என்னைத் தொடர்ந்தால் அவன் சுருதியும் நகரும்.
நகர்ந்தது.
இம்மி இம்மியாக,
நிலத்தைப் பற்றி இருவருமே வாய்திறக்காமல்,
இரண்டு கிலோஹெர்ட்ஸ் இறங்கிவிட்டோம்.
மொன்டானாக்காரர் ஒருவர் குறுக்கே வந்தார்:
"ஐயா, நீங்கள் இருவரும் என் தலைமேல் உட்காரப் பார்க்கிறீர்கள்."

குழாய் தபாலில் வந்து ஒன்பது நாள்.
ஜன்னலோரம், பொத்தான் டப்பா பக்கத்தில்.
நேற்று மறுபடி கேட்டான், இன்னும் போடவில்லையா என்று.

பனி, தபால் வண்டி வரவில்லை
என்று தட்டினேன்,
கீச்சு கீச்சென்று.