ஆறு மணி நேர மெக்சிகோ

காரைக்கால் கடற்கரைச் சாலையில்
பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு
மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள்.
வாசலில் கள்ளிச்செடி. நிஜக் கள்ளி.
நிரவி ரோட்டு வேலியில் பிடுங்கி
நீலத் தொட்டியில் நட்டதென்று
ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே
தையல்நாயகி கண்டுபிடித்துவிட்டாள்.

மின்துறை பில் பிரிவிலிருந்து மூன்று பேர்.
அரியர்ஸ் ஏறிய வெள்ளிக்கிழமை.
ஜுலைகாதான் கூப்பிட்டாள், காரணம் சொல்லவில்லை.
பதினோரு வருஷத்தில் அவள் தன் காசில்
எங்களுக்கு வாங்கித் தந்தது
ஒரு பொட்டலம் வேர்க்கடலை,
அதிலும் பாதியை அவளே தின்றாள்.

பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் மணலில் இறங்கி
எல்லோரும் கொஞ்சம் கடல் பக்கம் சரிந்தே உட்கார்ந்தோம்.
மெனு அட்டையைத் தையல்நாயகி
எழுத்துக்கூட்டி வாசித்தாள், கே-ச-டி-யா,
மீட்டர் எண்ணைச் சரிபார்க்கிற அதே குரலில்.

முதலாளி செலஸ்தீன் தானே வந்து நின்றார்.
சொகுசுக் கப்பல் அடுக்களையில் ஒன்பது வருஷமாம்.
மெக்சிகோவில் எத்தனை நாள் இருந்தீங்க, என்றேன்.
"கப்பல் கட்டுனா ஆறு மணி நேரம் வெளிய விடுவாங்க.
அதுல ரெண்டு மணி நேரம் வீட்டுக்குப் போன் பேச.
மிச்ச நேரம் ஒரு தள்ளுவண்டிகிட்ட நின்னு
அந்தம்மா கையையே பாத்துக்கிட்டு இருப்பேன்."
இவ்வளவு உண்மை சொல்கிறவர்
கடையை எப்படி நடத்துவாரென்று
எனக்குக் கவலையாகிவிட்டது.

முதலில் கண்ணாடித் தம்ளரில் ஒரு பானம்.
பேர் தமரிந்தோ. விலை நூற்றிருபது.
ஒரு வாய் குடித்துவிட்டுத் தையல்நாயகி
நிதானமாகச் சொன்னாள்: "புளி கரைச்ச தண்ணி."
இன்னொரு வாய்.
"ஐஸ் போட்ட புளி கரைச்ச தண்ணி."
தம்ளர் காலியாகும் வரை வழக்கு ஓயவில்லை.

அப்புறம் டாக்கோ.
சோள ரொட்டி மடிப்பில் பொரித்த பாறைத் துண்டு,
முட்டைக்கோஸ், பச்சை மிளகாய்,
வெண்ணெய்ப்பழம் மசித்த ஏதோ ஒரு பச்சை.
வெள்ளிக்கிழமைக்காரிக்கு மட்டும் ராஜ்மா.
முன்னால் கடித்தால் பின்னால் கொட்டியது,
என் புடவையில், புதுப் புடவையில்.
"ரொட்டியைச் சாய்க்காதீங்க மேடம்,
தலையைச் சாய்ங்க."

சாய்த்தோம்.
மூன்று தலைகள் இடது தோளில்.
கடல் சுவர் மாதிரி எழுந்து நின்றது.
கலங்கரை விளக்கம் படுத்துக்கொண்டது.
தெற்கே துறைமுகத்து விளக்குகள்
ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.
அந்தக் கோணத்தில்தான் ஜுலைகா
வாயில் மீனோடு சொன்னாள்:
"யானத்துக்குப் போட்டுட்டாங்க."

யாரும் தலையை நிமிர்த்தவில்லை.
நிமிர்த்தினால் கொட்டிவிடும்.

"எப்ப?"
"திங்கக்கிழமை சேரணும்."
"தெலுங்கு தெரியுமா ஒனக்கு?"
"மெக்சிகன் தெரியுமா இவருக்கு?"

உத்தரவைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.
நாலாக மடித்தது, மடிப்பில் ஏற்கெனவே கிழிசல்;
எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாளோ.
மகள் பத்தாம் வகுப்பு. வீட்டுக்காரர் ஷார்ஜாவில்.
அங்கேயும் ஒரு ஆறு கடலில் விழுகிறதாம்.
அரசலாறு மாதிரி இல்லையாம்,
அகலமாம், வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்குமாம்.
அதைப் புகார் மாதிரிச் சொன்னாள்.

மிளகாய் என்று நாங்கள் மூக்கை உறிஞ்சினோம்.
உண்மையில் காரமும்தான்.

பில்லோடு ஓர் அட்டை வந்தது:
ஒன்பது தின்றால் பத்தாவது இலவசம்.
மூன்று கட்டத்தில் முத்திரை விழுந்திருந்தது.
ஜுலைகா அதை எடுத்து
உத்தரவின் மடிப்புக்குள் செருகினாள்.
"இதுக்குக் காலாவதி உண்டா?"
செலஸ்தீன் கொஞ்சம் யோசித்தார்.
"கடை இருக்கிற வரைக்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை
எனக்குக் கழுத்துப் பிடித்திருந்தது,
இடது பக்கம்.