பாறைப் பங்கு

பாகம் பிரித்தபோது
நஞ்சை அண்ணன்களுக்கு.
எனக்கு, வரகுகூட முளைக்காத பாறை,
ஒண்ணே முக்கால் ஏக்கர்.
"பொம்பளப் பிள்ளைக்கும் எதாச்சும் எழுதணும்ல."

நேற்று மேலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்
குவாரி ஏஜென்ட் செல்லையாராஜ்
அந்தப் பாறையைக் கன மீட்டரில் பேசினான்.
இருபது வருஷக் குத்தகை. முன்பணம் மூணு லட்சம்.
பின்னாலேயே அண்ணன்கள்,
மாதுளம்பழப் பையோடு,
என் சர்க்கரையை மறந்து அல்வாவும்.
நாலு டீக்கும் பெரியவர் காசு கொடுத்தது
எனக்குத் தெரிந்து முதல் தடவை.

கேட்டேன்:
உடைச்சுத் தள்ளுற சில்லுக்கும் காசு உண்டா?
எத்தனை அடி ஆழம்?
தோண்டின குழியை யாரு மூடுவா?

மூன்றாவதுக்குச் சிரித்தான்.

பேனாவை மூடி அவனிடமே நீட்டினேன்.
பஸ் வந்துவிட்டது.
பட்டா என் பையில்,
அல்வாவுக்கு அடியில்.